கண்டம் செய்த ஆப்பிள்கள்

கோணிப்பையைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தபோது ஆப்பிளுக்கு முன்னால் கரப்பான்பூச்சிகள்தான் வெளியே வந்தன. கப்பல் கரப்பான்கள். வீட்டுக் கரப்பானைவிட இரண்டு மடங்கு பெரியவை. விளக்குமாற்றால் அடித்தாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சாகும். அவற்றின் பின்னால் நனைந்த வைக்கோல், எலிப் புழுக்கை, அதற்கும் பின்னால் முப்பது நாற்பது ஆப்பிள்கள். ஆப்பிள் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பழுப்பு. பழுப்பில் விரல் பட்டால் உள்ளே போய்விடும். கள்ளுக்கடை வாசலில் அடிக்குமே, அந்தப் புளித்த நாற்றம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

"எதுக்குட்டி ஓடுத? பாதி நல்லாத்தான் இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, சிவப்புப் பக்கமாக ஒரு கடி கடித்தும் காட்டினார்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மெட்ராஸிலிருந்து நாலு நாள் கப்பல் தூரத்திலிருக்கும் தீவில், ஹேடோ என்ற இடத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். அவருக்குச் சரக்குக் கொட்டகை ஒன்றில் குமாஸ்தா வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும் சரக்கில் நனைந்தது, அழுகியது, உடைந்தது எல்லாவற்றையும் அங்கே ஒரு மூலையில் குவித்து வைப்பார்கள். மேலதிகாரி வந்து, பத்தடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடியபடி பார்த்து, உபயோகத்துக்கு ஆகாது, 'கண்டெம்ன்' என்று கையெழுத்துப் போடுவார்; எங்கள் வாயில் அது 'கண்டம்'. கையெழுத்து விழுந்தபின் அதைக் கடலில் கொட்ட வேண்டும் என்பது விதி. கடலில் எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் அது குடியிருப்பின் அடுப்படிகளுக்கு வந்து சேர்ந்துவிடும். கண்டம் வெங்காயம், கண்டம் உருளைக்கிழங்கு, பூசணம் பிடித்த கண்டம் மிளகாய் வற்றல். கப்பல் வந்த மறுநாள் குழாயடியில் பெண்கள், "இன்னிக்கி உங்க வீட்டுல என்ன கண்டம்?" என்று, என்ன குழம்பு என்பதுபோல விசாரித்துக்கொள்வார்கள். தமிழ், தெலுங்கு, வங்காளி எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தை பொது. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே உடம்பு கூசும். நான் மட்டும் அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று இரண்டரை வருஷம் பிடிவாதமாக இருந்தேன். அன்றைக்கு விட்டேன். காரணம் என் மகள்.

அவளுக்கு அப்போது மூன்றரை வயது. எங்களோடு இல்லை. ஒன்றரை வயதில் மலேரியா வந்து, போய், திரும்ப வந்து, பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது. டாக்டர், மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பெரம்பூரிலிருந்த என் அக்காவிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித் திரும்பினேன். ஆறு மாதம் இரண்டு வருஷமானது. அவருக்கு லீவு கிடைத்தபோது கப்பலில் இடமில்லை. இடம் வந்தபோது லீவு இல்லை. நான் மட்டும் தனியாகப் போய் வருகிறேன் என்றேன். பட்டியலில் பெயர் ஏறினால்தானே போக முடியும். ஊழியர் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று எழுதுபவர், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளும் அதே அதிகாரிதான்.

அந்த அதிகாரியின் மனைவிக்கு டீ பார்ட்டி வைக்கும் வியாதி. மெட்ராஸ்காரி. தீவுக்கு வந்ததைத் தண்டனையாக நினைத்து, அந்தத் தண்டனையை எங்கள் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் ஏதோ பெரிய ஹோட்டலில் ஆப்பிள் பை சாப்பிட்டாளாம், மாவுக்குள் பழத்தை வைத்துச் சுடும் வெள்ளைக்காரப் பலகாரம். அதை இங்கே பண்ண ஆளில்லையே என்று ஒருநாள் அங்கலாய்த்திருக்கிறாள். பக்கத்தில் ஏதோ ஃபைலை வைத்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், "என் வைஃப் பண்ணுவா மேடம். மிஷன் ஸ்கூல்ல படிச்சவ," என்று வாயை விட்டுவிட்டார்.

மிஷன் பள்ளியில் படித்தது உண்மை. பாளையங்கோட்டையில் வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி வாரத்துக்கு ஒருநாள் சமையல் வகுப்பு எடுத்ததும் உண்மை. ஆனால் அவள் எங்களுக்குப் பை செய்யக் கற்றுக்கொடுத்தது பப்பாளிக்காயில். ஆப்பிளுக்கு எங்கே போவது?

அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நின்றுகொண்டுதான் பேசினேன். உட்காரச் சொல்லவில்லை.

"ஏம்மா, நெஜமாவே உனக்குப் பண்ணத் தெரியுமா? சும்மா சொல்லிட்டு அப்புறம் என் மானத்தை வாங்கிடாதே."

"தெரியும்மா."

"ஆப்பிளு?"

"அவங்க பார்த்துக்கிடுவாங்க."

"நல்லா வந்துச்சுன்னா உன் கப்பல் விஷயத்தை நானே சார்கிட்ட சொல்றேன். கொழந்தையை விட்டுட்டு இருக்கியாமே, பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. இருந்தாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டே வந்தேன்.

அபர்டீன் பஜாரில் அப்போது ஆப்பிளைக் காலண்டர் படத்தில்தான் பார்க்கலாம். ஆகவே கல்கத்தா கப்பலில் வந்து, அழுகி, அந்த அதிகாரியே கண்டம் செய்த பெட்டிகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஆப்பிளை அவர் வாய்க்கே திருப்பி அனுப்பப் போகிறோம். இதை நினைத்து என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருவருப்பாக இருந்தது. அவர்மேல், அந்த அம்மாள்மேல், அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்த என்மேல்.

நறுக்க நறுக்கக் கை பிசுபிசுத்தது. பழுப்பைச் செதுக்கி எறிந்தால் அடியில் இன்னொரு பழுப்பு. சிலதில் நடுவில் வெள்ளைப் புழு சுருண்டு, சொந்த வீட்டில் இருப்பதுபோலத் தலையைத் தூக்கிப் பார்த்தது. நாற்பது பழத்தில் தேறியது ஒரு சருவச் சட்டி அளவு. அந்தத் தேறிய துண்டுகளைக் கழுவி, மறுபடி கழுவி, முகர்ந்து பார்த்தேன். நாற்றம் போகவில்லை. நல்ல சதைக்குள்ளும் அந்தப் புளிப்பு ஏறியிருந்தது. ரேஷன் மைதாவைச் சலித்தால் சல்லடையில் வண்டுகள் பரேடு நடத்தின. வெண்ணெய்க்கு வழியில்லை, வனஸ்பதிதான். அதிலும் மண்ணெண்ணெய் வாடை. கப்பல் வயிற்றில் எல்லாம் ஒன்றாகவே படுத்து வருவதால், எங்கள் ஊரில் எந்தப் பொருளுக்கும் அதனுடைய சொந்த வாசனை கிடையாது. சர்க்கரையில் கருவாடு, துணியில் வெங்காயம், சோப்பில் அரிசி.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்துக் குடியிருப்புக்காரி உள்ளே வந்தாள். தீவிலேயே பிறந்தவள். அவளுடைய பாட்டன் காலத்தில் ஜெயில் கைதியாக வந்த குடும்பம். அதைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வாள். ஹிந்திதான் பேசுவாள். நான் அவளை பாபி என்பேன், அண்ணி என்று அர்த்தம். அவள் என்னை பஹன், தங்கை என்பாள். ஆப்பிள் துண்டு ஒன்றை முகர்ந்துவிட்டு, "ஜஹாஜ் கீ பூ," என்றாள். கப்பல் நாற்றம்.

"கழுவிட்டேன் பாபி, போகல."

"பானி ஸே நஹீ ஜாயேகா, பஹன். மசாலா டாலோ."

தண்ணீருக்குப் போகாதாம், மசாலா போட வேண்டுமாம். போய் அவளுடைய சாயா மசாலா டப்பாவை எடுத்து வந்தாள். எனக்கு அவள் வீட்டுச் சாயாவைக் கண்டாலே ஆகாது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, மிளகு எல்லாவற்றையும் இடித்துக் கொதிக்கவைத்து, ஜுரத்துக்குக் கொடுக்கும் கஷாயத்தைப் பாலில் கலந்ததுபோல ஒன்றைத் தருவாள். மரியாதைக்காகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாய் கொப்பளிப்பேன். அன்றைக்குத்தான் அதன் காரணம் விளங்கியது. தீவுக்கு வரும் தேயிலைத் தூளும் கருவாட்டு மூட்டையோடு படுத்துத்தான் வந்தது. நாற்றத்தை விரட்ட முடியாது. அதன் தலையில் இன்னொரு வாசனையை ஏற்றி உட்காரவைக்கலாம். தீவுக்காரர்கள் அதைத்தான் மூன்று தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

துண்டுகளைச் சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றி, மசாலாவை இரண்டு கரண்டி போட்டேன். பாபி டப்பாவைப் பிடுங்கி இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். புளித்த வாடை அடங்கி, பட்டையும் கிராம்பும் மேலே வந்தன. அந்தச் சூட்டில் மாவைப் பிசைந்தால் வனஸ்பதி உருகிக் கையோடு ஒட்டியது. ஈர மணலில் புதைத்து வைத்த பானைத் தண்ணீரை விட்டு, விரல் நுனியால் பிசறி, எனாமல் தட்டில் பரப்பினேன். மேலே பட்டை பட்டையாக மாவை அறுத்துப் பாய் முடைவதுபோல முடைந்தேன். அடுப்பு என்பது மண்ணெண்ணெய் டின். அடியில் மணல், கீழே விறகு, மூடிமேல் தணல். முகம் வெந்துபோக முக்கால் மணி நேரம் அதன் முன்னால் குந்தியிருந்தேன்.

வெளியே எடுத்தபோது குடியிருப்பே வாசலுக்கு வந்துவிட்டது. அப்படியொரு வாசனை. ஓரத்தில் வழிந்து இறுகிய பாகை என் வீட்டுக்காரர் நகத்தால் சுரண்டி, விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். நான் ஒரு துணுக்கு வாயில் வைக்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

அதிகாரி வீட்டில் பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டு, "இங்கேயே இரு, வெட்டிக் கொடு," என்றாள் அம்மாள். திரைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர். நான் சமையலறையில் நின்று துண்டு போட்டேன்.

"காலைல எழுந்து நானே பண்ணேன்," என்று அவள் சொல்வது கேட்டது. "மசாலா என்னோட ஐடியா."

அதிகாரி மூன்று துண்டு சாப்பிட்டார். மூன்றும் நான் வெட்டிக் கொடுத்ததுதான். பிரமாதம், பிரமாதம் என்று அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. திரைக்குப் பின்னால், வேர்த்து வழிந்துகொண்டு, நான் பூரித்துப் போனேன். உண்மையைச் சொன்னால் என்ன? அழுகலைத் தின்னக் கொடுத்தேன், அதையும் இன்னொருத்தி தன் பெயரில் கொடுத்தாள். அப்படியும் புகழ்ச்சியைக் கேட்டு என் நெஞ்சு விரிந்தது. கரப்பான், புழு எல்லாவற்றையும்விட அந்தப் பூரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது.

மறு வாரம் பட்டியலில் என் பெயர் ஏறியது. அக்காவுக்கு உடனே கடிதம் எழுதினேன். எந்தக் கப்பல், என்றைக்குக் கிளம்புகிறது, என்றைக்கு மெட்ராஸ் வந்து சேரும் என்றெல்லாம் எழுதி, பிள்ளையைத் துறைமுகத்துக்குக் கூட்டி வரச் சொல்லி, கடைசியில் பெரிய எழுத்தில் அவளுக்கென்று ஒரு வரி: 'அம்மா கப்பலில் வருகிறேன்.' அக்கா அதைப் படித்துக் காட்டுவாள் அல்லவா.

கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மாள் மறுபடி கூப்பிட்டாள். டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருக்கிறாராம். ஆப்பிள் பை பற்றி யாரோ சொல்லி, அந்த வீட்டு அம்மாளும் கேட்டாளாம். கப்பல் கிளம்பும் அன்றைக்குத்தான் டீ.

"நீ அடுத்த கப்பல்ல போயேம்மா. கப்பல் எங்க போயிடப் போவுது? நான் சார்கிட்ட சொல்லி மாத்திட்டேன்."

மாற்றியாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்கம்மா" என்றேன். நாக்கு தானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து அவரிடம் கத்தினேன்.

"உங்களுக்கு வாயில்லையா? பிள்ளைய விட்டுட்டு ரெண்டு வருசமா இருக்கேன்னு சொல்லுததுக்கு என்ன?"

"பெரிய எடம்ட்டி. இப்பப் போயி மொகத்த முறிச்சுக்கிட்டா அப்புறம் எப்பவுமே எடம் கெடைக்காது. ஒரு கப்பல்தான? ஒரு மாசம்."

அவர் முகத்தில் தெரிந்த அந்த இளிப்பு அதிகாரி முன்னால் நிற்கும்போது வரும் இளிப்பு. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

மறுபடி கண்டம் ஆப்பிள் வந்தது. முன்னதைவிட மோசம். செதுக்கும்போது, இந்த அழுகலைச் செதுக்காமல் அப்படியே உள்ளே போட்டுவிட்டால் என்ன, மசாலாவை விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. கை கேட்கவில்லை. முன்னைவிடச் சுத்தமாகச் செதுக்கினேன். பாபியிடம் போய்ப் புதுசாக இடித்த மசாலா வாங்கி வந்தேன். மேல்மாவில் இலையும் கொடியும் வைத்தேன். டெல்லி அம்மாள் அசந்துபோக வேண்டும் என்று எனக்கே ஒரு வெறி. ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டிருக்கும்போது ஹார்பரில் கப்பல் ஊதியது. என் கப்பல். நான் தலையைத் தூக்கினேன், பிறகு மடிப்பைத் தொடர்ந்தேன்.

கப்பல் போன மூன்றாவது நாள் காலையில், பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அக்காவுக்கு யார் சொன்னது?

ஹேடோவில் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டால் குடியிருப்பில் இருக்கும் நாய்க்கும் தெரியும். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பதெல்லாம் கப்பல் கிளம்புமுன் குழாயடிக்கு வந்துவிடும். தீவில் யாரும் யாருக்கும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும், மெட்ராஸிலும் தெரிந்துவிடும் என்பதுபோல இருந்துவிட்டோம். தந்தி என்ற ஒன்று இருப்பதே நினைவில்லை. அவர் டீ பார்ட்டிக்கு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். நான் மாவில் கொடி போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு அவரைத் தந்தி ஆபீசுக்குத் துரத்தினேன். கப்பல் மெட்ராஸ் போய்ச் சேர்ந்த மறுநாள்தான் தந்தி பெரம்பூருக்குப் போய்ச் சேர்ந்தது.

'அடுத்த கப்பல்' ஒரு மாதத்தில் வரவில்லை. ஏதோ ரிப்பேர் என்று போனது, மூன்றரை மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் மெட்ராஸ் அம்மாளுக்குப் பை சலித்துவிட்டது. இந்தமுறை என் பெயரை யாரும் அடிக்கவில்லை.

நாலு நாள் வாந்தியும் மயக்கமுமாக மெட்ராஸில் இறங்கினேன். அக்கா மட்டும் தனியாக நின்றாள்.

"பிள்ள எங்கக்கா?"

"வரமாட்டேன்னுட்டா." அக்கா என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "போன தடவ கூட்டிட்டு வந்தம்லா. புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, எறங்குத ஒவ்வொரு பொம்பளையையும் காட்டி, 'இவங்களா, பெரியம்மா? இவங்களா?'ன்னு கேட்டா. கடேசி ஆளு எறங்குத வரைக்கும் நின்னா. அழக்கூட இல்ல. வீட்டுக்கு வந்து தூங்கினா. அதுக்கப்புறம் ஒன்னப்பத்திக் கேக்கவே இல்ல. நானும் அதக் கிளறல."

பெரம்பூர் வீட்டில் அக்காவின் பிள்ளைகள் இரண்டும் "சித்தி வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தன. அவற்றின் பின்னால் என் மகள் வந்தாள். உடம்பு தேறி, கன்னம் வைத்து, தலையில் ரிப்பன் கட்டி. ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க சித்தி."

அக்கா பதறி, "அம்மாடி, அது ஒங்கம்மா," என்றாள். பிள்ளை அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் அம்மா," என்றது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தேன்.

ஒரு மாதம் அங்கே இருந்தேன். தலை சீவிவிட்டேன், ஊட்டிவிட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாக இணங்கினாள். விருந்தாளியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அக்கா அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கப்பலேறும்போது அக்காதான் அழுதாள். பிள்ளை அழவில்லை. கப்பலைச் சுற்றிப் பார்க்கும் குஷியில் இருந்தாள்.

இரண்டாம் நாள் மேல்தளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். பக்கத்தில், தீவில் வண்டூர் என்ற ஊருக்குப் போகும் ஒரு தமிழ்க்காரப் பெண், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "எங்க போற கண்ணு?" என்றாள்.

"சித்தி ஊருக்கு," என்றாள் என் மகள். "கொஞ்ச நாள் இருந்துட்டு எங்கம்மாகிட்ட போயிருவேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா பிள்ளையாம்மா?"

பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றேன்.